பேய்ப் படத்தில் இருட்டுதான் ஹீரோ: 'மர்மயோகி' காலத்துத் திகில் படங்களை மீட்டெடுப்பது எப்படி?

1993-ல் வெளியான மலையாளப் படமான 'மணிச்சித்திரத்தாழு' 2024 ஆகஸ்ட்டில் 4கே தரத்தில் மீண்டும் தியேட்டருக்கு வந்தது. ஷோபனா ஆடிய நாகவல்லியைப் பெரிய திரையில் பார்த்ததில்லையே என்று ஏங்கிய தலைமுறைக்கு அது ஒரு திருவிழா. அந்த நாகவல்லி கதைப்படி நம்ம தஞ்சாவூர்க்காரர். இங்கிருந்து திருவிதாங்கூருக்குக் கொண்டுபோகப்பட்ட நடனக்காரி. (தமிழில் 'சந்திரமுகி' ஆனபோது அவர் தெலுங்குக்காரர் ஆகிவிட்டார், அது தனிக்கதை.)

மலையாளத் திரையில் ஆடிய தஞ்சாவூர்ப் பேய்க்கு 4கே கிடைத்துவிட்டது. அதற்கு 40 வருடம் முன்பே தமிழ்த் திரையில் நடமாடிய டெல்டாப் பேய்க்கு?

யார் அந்தப் பேய் என்கிறீர்களா? செருகளத்தூர் சாமா. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துச் செருகளத்தூரைப் பெயரிலேயே சுமந்த நடிகர். 1951-ல் ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பில், கே.ராம்நாத் இயக்கத்தில் எம்.ஜி.ஆர் நடித்த 'மர்மயோகி'யில் அவர்தான் அரசர். அரியணையைப் பறித்த ஊர்வசியின் (அஞ்சலிதேவி) கண்முன் ஆவியாக வந்து நிற்பவரும் அவரே. அந்தக் காட்சிகள் மிரட்டலாக இருந்ததால் படத்துக்கு 'ஏ' சான்றிதழ் தரப்பட்டது. தமிழில் 'ஏ' வாங்கிய முதல் படம் என்று சினிமா வரலாற்றில் இதைத்தான் சொல்வார்கள். இதில் ஒரு வேடிக்கை: கதை முடியும்போது அது பேயே இல்லை, இறந்ததாக நினைத்த அரசர் உயிரோடுதான் இருக்கிறார் என்று தெரியவரும். பேய் இல்லாத பேய்ப் படத்துக்கு 'ஏ'!

இன்று அந்தக் காலத்துப் படங்களை யூடியூப்பில் தேடிப் பாருங்கள். ஓரம் வெட்டுப்பட்ட படம், மூலையில் ஏதோ ஒரு நிறுவனத்தின் லோகோ, வெளிறிப்போன சாம்பல் நிறம். 'ஏ' வாங்கித்தந்த அந்த மிரட்டலை இப்படிப்பட்ட பிரதிகளில் தேடினால் கிடைக்காது. பயம் குறைந்ததற்கு நாம் வளர்ந்துவிட்டது மட்டும் காரணமில்லை. படத்திலிருந்த இருட்டு காணாமல்போனதும் ஒரு காரணம்.

இருட்டு எப்படிக் காணாமல் போகும்?

குடும்பப் படமோ புராணப் படமோ கொஞ்சம் வெளிறினாலும் வசனமும் பாட்டும் காப்பாற்றிவிடும். திகில் படத்துக்கு அந்த வசதி கிடையாது. எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

உலக உதாரணம் ஒன்றைப் பார்த்தால் சட்டென்று புரியும். 1922-ல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த 'நோஸ்பெராட்டு' ரத்தக்காட்டேரிப் படங்களுக்கெல்லாம் தாத்தா. 'டிராகுலா' நாவலை அனுமதியில்லாமல் எடுத்தார்கள் என்று எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்கச் சொல்லி 1925-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது. அசல் நெகட்டிவ் இன்று இல்லை. வெவ்வேறு நாடுகளுக்குப் போயிருந்த பிரிண்டுகள் தப்பித்ததால்தான் படமே நமக்குக் கிடைத்திருக்கிறது.

அந்தக் காலத்து ஃபிலிமில் இரவில் படம் எடுப்பது கஷ்டம். பகல் வெளிச்சத்தில் எடுத்துவிட்டு, பிரிண்டில் அந்தப் பகுதிக்கு நீலச் சாயம் ஏற்றுவார்கள். நீலம் என்றால் இரவு, அவ்ளோதான் கணக்கு. பல வருடங்களாகச் சுற்றிய கறுப்பு-வெள்ளை வீடியோ பிரதிகளில் அந்தச் சாயம் இல்லை. விளைவு? சூரிய ஒளி பட்டால் செத்துப்போகும் காட்டேரி, பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடக்கிறது! பாரிஸில் இருந்த, சாயம் ஏற்றிய பழைய பிரிண்டை ஆதாரமாக வைத்து நீலத்தைத் திருப்பிக் கொண்டுவந்த பிறகுதான் இரவு மறுபடி இரவானது. கீறலை அழிப்பது மட்டும் மீட்டெடுப்பு இல்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடையாது.

அந்த ஜெர்மன் நிழல் இந்தியாவுக்கும் வந்தது. 1949-ல் வந்த இந்திப் படமான 'மஹல்' நம் நாட்டுப் பேய்ப் படங்களின் தொடக்கப் புள்ளி. பாம்பே டாக்கீஸின் அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் ஜோசப் விர்ஷிங் என்ற ஜெர்மானியர். 'மர்மயோகி' இயக்குநர் ராம்நாத்தும் ஒளிப்பதிவிலிருந்து இயக்கத்துக்கு வந்தவர்தான். விளக்கை எங்கே வைக்க வேண்டும் என்பது போலவே, எங்கே வைக்கக் கூடாது என்பதும் இவர்களுக்கெல்லாம் தெரியும்.

28 ரூபாய் விசிடி செய்த வேலை

2007-ல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது பழைய படங்கள் பெட்டிக்கடை வரைக்கும் வந்தன. திருட்டு சிடியோடு போட்டி போடும் விலை. அது நல்ல விஷயம்தான், மறுக்க முடியாது. டூரிங் டாக்கீஸ் மணல் தரையில் உட்கார்ந்து பார்த்தவர்கள், வீட்டுத் திண்ணையில் பேரப்பிள்ளைகளோடு மறுபடி பார்த்தார்கள்.

ஆனால் விசிடியின் தொழில்நுட்பம் திகில் படத்துக்கு எதிரி. அதன் படம் 352 x 288 புள்ளிகள், அதாவது சுமார் ஒரு லட்சம். 4கே என்றால் கிட்டத்தட்ட 83 லட்சம். விசிடியில் இடம் பற்றாததால் தகவலைச் சுருக்குவார்கள். அதில் முதலில் அடிபடுவது இருண்ட பகுதிகள்தான். மெல்ல மெல்ல அடர்ந்துபோகும் நிழல், கட்டம் கட்டமாகச் சதுரங்களாக உடையும். அதைச் சரிசெய்ய வெளிச்சத்தைக் கூட்டுவார்கள். கூட்டினால், தூணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவர் பளிச்சென்று தெரிவார். அப்புறம் எங்கே பயம்?

இன்றைக்கு யூடியூப்பில் '4கே ரீமாஸ்டர்ட்' என்று போடும் பலரும் செய்வது, இப்படிப்பட்ட பழைய வீடியோவை ஏஐ மென்பொருளில் போட்டுப் பெரிதாக்குவதுதான். இல்லாத தகவலை மென்பொருள் ஊகித்து நிரப்பும். முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல வழவழவென்று ஆகிவிடும். உண்மையான ஃபிலிம் ஸ்கேனில் மணல் தூவியதுபோல நுண்ணிய துகள் அசைந்துகொண்டே இருக்கும், கறுப்பு கறுப்பாகவே நிற்கும். நல்ல நிறுவனங்கள் எந்த நெகட்டிவ், எந்த பிரிண்டிலிருந்து எடுத்தது என்பதையும் படத்தின் தொடக்கத்திலேயே போட்டுவிடும். அந்தத் தகவல் இல்லையென்றால் '4கே' என்ற ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

சரி, முறையாகச் செய்வது எப்படி?

முதல் வேலை கம்ப்யூட்டரில் இல்லை, தேடுவதில் இருக்கிறது. கேமராவில் ஓடிய அசல் நெகட்டிவ் இருக்கிறதா? இல்லையென்றால் அதிலிருந்து எடுத்த நகல் நெகட்டிவ்? அதுவும் இல்லையென்றால் தியேட்டரில் ஓடிய பிரிண்ட்? ஒவ்வொரு படி இறங்கும்போதும் நிழலின் நுணுக்கம் குறையும். 1920-ல் வந்த ஜெர்மன் திகில் படமான 'டாக்டர் கலிகாரி'யை 2014-ல் 4கே-வில் மீட்டபோது கேமரா நெகட்டிவே கிடைத்தது, ஆனால் முதல் ரீல் மட்டும் இல்லை. அதை வேறு பிரிண்டுகளிலிருந்து நிரப்பினார்கள். நிறங்களையும் பழைய பிரிண்டுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

பிறகு சுத்தம் செய்து, கிழிந்த பற்களை ஒட்டி, ஒவ்வொரு ஃபிரேமாக ஸ்கேன் எடுப்பார்கள். நொடிக்கு 24 ஃபிரேம். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 2,16,000 ஃபிரேம்! கீறல், தூசி, நடுக்கம் எல்லாவற்றையும் மென்பொருள் ஓரளவு சரிசெய்யும், மிச்சத்தை ஆட்கள் உட்கார்ந்து செய்ய வேண்டும். இந்த வேலைக்கு நாம் வெளிநாடுதான் போக வேண்டும் என்பதில்லை. சென்னையில் உள்ள பிரசாத் நிறுவனம் அமெரிக்க ஸ்டுடியோக்களின் பழைய படங்களையே சுத்தம் செய்து கொடுத்திருக்கிறது.

நம் மண்ணில் எடுத்த படங்கள் மீண்ட கதைகளும் உண்டு. திருத்துறைப்பூண்டிக்காரரான எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டுடியோவில் உதய் சங்கர் எடுத்த 'கல்பனா' (1948), 2012-ல் மீட்டெடுக்கப்பட்டு கான் விழாவில் திரையிடப்பட்டது. அதே ஆண்டு 'கர்ணன்' டிஜிட்டலில் வந்து தியேட்டர்களில் சக்கைப்போடு போட்டது. இரண்டுமே திகில் படங்கள் இல்லை. ஆளும் கருவியும் நம்மிடம் இருக்கின்றன என்பதற்காகச் சொல்கிறோம்.

அப்படின்னா ஏன் நடக்கவில்லை?

முதல் காரணம், பல படங்களுக்கு மீட்க ஃபிலிமே மிச்சமில்லை. 1950-களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் ஃபிலிம் வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. தானே ஆக்ஸிஜனை உண்டாக்கிக்கொண்டு எரியும், தண்ணீரில் போட்டாலும் அணையாது. 2003 ஜனவரியில் புனே திரைப்படக் கல்லூரி வளாகத்தில் நடந்த தீ விபத்தில் ஏராளமான பழைய படங்கள் போயின. அதைவிடப் பெரிய எதிரி வெள்ளி. கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் இருக்கும் வெள்ளிக்காக ஓடி முடிந்த பிரிண்டுகளைக் கரைத்து விற்றார்கள். திருச்சி-தஞ்சாவூர் 'டி.டி.' ஏரியாவுக்கு வந்த பெட்டிகள் நகரத்து தியேட்டர், தாலுகா தியேட்டர், டென்ட் கொட்டகை என்று இறங்கி இறங்கி ஓடின. கடைசியில் ஒட்டுப்போட்ட ரீல்களாகத்தான் மிஞ்சின. அவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அப்போது யாருக்குத் தோன்றியிருக்கும்?

இரண்டாவது காரணம் சட்டமும் காசும். இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கான உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அதன்பிறகு யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லட்சக்கணக்கில் செலவழித்து ஒருவர் மீட்டால், மறுநாளே இன்னொருவர் பழைய பிரதியைப் போட்டு வியூஸ் அள்ளிவிடுவார். அமெரிக்காவில் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) படத்துக்கு இதுதான் நடந்தது. பிரிண்டில் காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனதால் உரிமை பறிபோனது, மட்டமான பிரதிகள் சந்தையை நிரப்பின. கடைசியில் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகமும் ஒரு அறக்கட்டளையும் சேர்ந்து 2016-ல் மீட்டெடுத்தன. லாபம் பார்க்கும் கம்பெனியால் முடியாததைப் பொது நிறுவனம்தான் செய்ய வேண்டியிருந்தது. நம் நாட்டில் தேசிய திரைப்படப் பாரம்பரிய இயக்கத்தின் கீழ் சுமார் 2,200 படங்களை மீட்க 363 கோடி ரூபாய் ஒதுக்குவதாக 2022-ல் மத்திய அரசு அறிவித்தது. இதுபோன்ற பட்டியல்களில் விருதுப் படங்களுக்கு முதலிடம் கிடைப்பது வழக்கம். அடுப்பில் விறகுக்குப் பதில் காலை வைத்து எரிக்கும் பேய் வந்த விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி' (1978) மாதிரி படங்களையும் சேர்க்க வேண்டும் என்பது நம் கட்சி. டப்பிங் படம்தானே என்று ஒதுக்கினால், கிராமத்துக் கொட்டகையில் கூட்டம் எதைப் பார்த்து அலறியது என்ற வரலாறே போய்விடும்.

உங்கள் வீட்டுப் பரணில் ஃபிலிம் பெட்டி இருக்கிறதா?

டெல்டாவில் மூடிக்கிடக்கும் தியேட்டர்களிலும், பழைய விநியோகஸ்தர், ஆபரேட்டர் வீடுகளிலும் தகரப் பெட்டிகள் கிடக்க வாய்ப்பு உண்டு. நெகட்டிவ் தொலைந்துபோன படத்துக்கு அப்படி ஒரு பிரிண்ட்டே கடைசி ஆதாரமாக இருக்கலாம். வாய்க்காலும் வயலுமாக ஈரம் நிற்கும் நம் ஊர்க் காற்று ஃபிலிமுக்கு ஆகாது. பெட்டியைத் திறந்ததும் காடி மாதிரி புளித்த வாடை வந்தால், அது அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டதன் அடையாளம். அந்த வாடை வரும் பெட்டியை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்ட வேண்டாம், காற்றோட்டம் வேண்டும். ஆசைப்பட்டு புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள், சுருங்கிய ஃபிலிம் பல் பல்லாகக் கிழியும். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய ஃபிலிமாக இருந்தால் நெருப்பு, வெயில், பூஜை விளக்கு எதன் பக்கத்திலும் வைக்கக் கூடாது.

பெட்டி மேல் ஒட்டிய சீட்டை மட்டும் செல்போனில் படம் எடுங்கள். படத்தின் பெயர், ரீல் எண் எல்லாம் அதில்தான் இருக்கும். பிறகு புனேயில் உள்ள இந்திய தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கோ, மும்பையில் உள்ள ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனுக்கோ தகவல் சொல்லுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன்னால் அந்த ஒரு போன் செய்துவிடுங்கள்.