கோதுமையில் குறிப்பான் வழித் தெரிவு

நோயை எதிர்க்கும் மரபணு ஒரு செடியில் இருக்கிறதா என்று அதன் டிஎன்ஏவைப் பார்த்தே அறிந்து, அது இருக்கும் செடிகளை மட்டும் அடுத்த கலப்புக்கு எடுத்துக்கொள்ளும் பயிர்ப் பெருக்க முறை இது. கோதுமையில் தண்டுத் துரு, இலைத் துரு, மஞ்சள் துரு ஆகிய பூசண நோய்களை எதிர்க்கும் ரகங்களை உருவாக்க இம்முறை பெரிதும் உதவுகிறது.

நோயும் எதிர்ப்பும்

துருவின் வித்துகள் காற்றில் நெடுந்தொலைவு செல்லும். சமவெளியின் கோடையில் அவை மடிந்தாலும், நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் தண்டுத் துரு பிழைத்திருந்து வடக்கே பரவுவதைத் தாவர நோயியல் அறிஞர் கே. சி. மேத்தா கண்டறிந்தார். நீலகிரியின் வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை ஆய்வு நிலையம் இயங்குகிறது.

மஞ்சள் துரு எதிர்ப்பு மெண்டலின் விதிப்படி அடுத்த தலைமுறைக்கு இறங்குவதை 1905இல் கேம்பிரிட்ஜில் ரோலண்ட் பிஃபன் காட்டினார். ஆனால் ஒரே மரபணுவை நம்பும் ரகம், பூசணத்தில் புதிய இனம் தோன்றியதும் வீழ்ந்துவிடும். ரை தானியத்திலிருந்து கோதுமைக்கு வந்த எஸ்ஆர்31 மரபணு பல நாடுகளின் வயல்களைக் காத்துவந்தது. 1998இல் உகாண்டாவில் காணப்பட்ட யுஜி99 என்னும் தண்டுத் துரு இனம் அதையும் வென்றது.

குறிப்பானின் பணி

ஒரே ரகத்தில் பல எதிர்ப்பு மரபணுக்களை அடுக்கினால், பூசணம் அத்தனையையும் ஒருசேர வெல்வது கடினம். ஆனால் வலுவான மரபணு ஒன்றிருந்தாலும் இரண்டிருந்தாலும் செடி துருவின்றியே நிற்கும். கண்ணால் பிரித்தறிய முடியாது. மரபணுவுக்கு மிக அருகிலோ அதற்குள்ளேயோ உள்ள டிஎன்ஏ வேறுபாடே குறிப்பான். நாற்றின் சிறு இலைத்துண்டைச் சோதித்தாலே எந்தெந்த மரபணுக்கள் சேர்ந்துள்ளன என்று தெரிந்துவிடும்.

7டி குரோமோசோமிலுள்ள எல்ஆர்34 மரபணு குறிப்பானின் பயனுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அது வளர்ந்த செடியில்தான் வெளிப்படும். நோயை முற்றாகத் தடுக்காமல் மெதுவாக்கும். இலைத் துரு, மஞ்சள் துரு, சாம்பல் நோய் ஆகியவற்றுக்கு எதிராக நெடுங்காலம் நிலைத்து நிற்கிறது. 2009இல் இம்மரபணு பிரித்தறியப்பட்டதால், அதற்குள்ளேயே குறிப்பான்களை அமைக்க முடிந்தது.

ரகத்தை மீட்டல்

1995இல் வெளியான பிபிடபிள்யூ 343 வட இந்தியாவில் பரவலாகப் பயிரிடப்பட்டு, பின்னர் மஞ்சள் துருவுக்கு இரையானது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் ஏஜிலாப்ஸ் காட்டுப்புற்களிலிருந்து வந்த எதிர்ப்பு மரபணுக்களை, குறிப்பான் துணையுடன் பின்கலப்பு (பழைய ரகத்துடனேயே மீண்டும் மீண்டும் கலத்தல்) செய்து அதில் சேர்த்தது. அவ்வாறு உருவான ‘உன்னத் பிபிடபிள்யூ 343’ 2017இல் வெளியானது. பின்கலப்பு ஒவ்வொன்றிலும் பழைய ரகத்தின் இயல்பு கூடிவரும்: முதலில் சராசரியாக 75 விழுக்காடு, அடுத்ததில் 87.5. விவசாயி அறிந்த ரகமே நோயெதிர்ப்புடன் திரும்பக் கிடைக்கிறது. சேர்க்கை முழுவதும் மகரந்தக் கலப்பால் நடப்பதால், இது மரபணு மாற்றுப் பயிர் வகையைச் சேராது.

எல்லைகள்

குறிப்பானும் மரபணுவும் தள்ளியிருந்தால், தலைமுறை மாறும்போது பிரிந்துபோகக்கூடும். மேலும், மரபணு இருப்பதை மட்டுமே குறிப்பான் சொல்லும். இன்றைய பூசணத்துக்கு எதிராக அது வேலை செய்கிறதா என்பதை, கென்யாவின் ஞோரோ போன்ற துரு மிகுந்த இடங்களில் பயிரிட்டுத்தான் உறுதிசெய்கிறார்கள்.