வெல்ஸ் சுவாசித்த வாயு

பல்லின் வேர்க்குழாயைத் துப்புரவாக்கும் சிகிச்சை என்றவுடனேயே அதைரியப்பட்டு நடுங்கும் நோயாளிக்கு, மூக்கின்மேல் சிறு மூடியொன்றைப் பொருத்தி, பிராணவாயுவோடு கலந்த நைட்ரஸ் ஆக்சைடைச் சுவாசிக்கச் செய்து சாந்தமளிக்கும் இக்கால வழக்கத்துக்கு, அமெரிக்காவின் ஹார்ட்பர்ட் நகரில் ஹொரேஸ் வெல்ஸ் என்னும் பல் வைத்தியர் தம் தேகத்தையே பரீட்சைக்கு ஒப்புக்கொடுத்ததுதான் ஆதி.

1844 டிசம்பர் 10-ஆம் நாள், கார்ட்னர் கோல்ட்டன் என்பவர் அந்த வாயுவைச் சபையோருக்குக் கொடுத்து வேடிக்கை காட்டிய நிகழ்ச்சியில், அதைச் சுவாசித்து மதிமயங்கிய ஒருவர், காலில் காயம்பட்டும் வேதனை உணராதிருந்ததை வெல்ஸ் கவனித்தார். பிறர் வேடிக்கையாகக் கண்ட காட்சியில் இவர் ஒருவர் மானிடத் துன்பத்துக்கு மருந்தைக் கண்டாரே என்பதை எண்ணுந்தோறும் என் உள்ளம் நெகிழ்கிறது. மறுநாளே கோல்ட்டன் வாயுவை அளிக்க, ஜான் ரிக்ஸ் என்ற சக வைத்தியர் வெல்ஸின் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார், வலி தெரியவில்லை.

ஆனால் 1845-இல் பாஸ்டனில் நடத்திய பரீட்சையில், வாயுப்பை உரிய காலத்துக்கு முன்பே அகற்றப்பட்டதால் நோயாளி அலறிவிடவே, கூடியிருந்தோர் வெல்ஸை மோசக்காரர் என்று ஏளனம் செய்தனர். மறு ஆண்டில் அவருடைய பழைய கூட்டாளி மார்ட்டன் ஈதர் என்னும் மயக்க மருந்தைக் கொண்டு கீர்த்தி பெற்றார். மனமுடைந்த வெல்ஸ் 1848-இல், 33-ஆம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவரே ஆதிகர்த்தா என்று அமெரிக்கப் பல் வைத்திய சங்கம் அங்கீகரித்தது 1864-இல்தான்.