தொட்டிக்குக் கீழே ஒரு தொட்டி

தமிழ்நாட்டில் புது வீடு கட்டுகிறவர்கள் மறக்காமல் தோண்டுவது சம்ப். கீழே சம்ப், மொட்டை மாடியில் டேங்க், நடுவில் ஒரு மோட்டார். பொதட்டூர்பேட்டையில் தறி ஓடும் வீட்டிலும் இதே கதைதான், சென்னை அடுக்குமாடியிலும் இதே கதைதான். கடல்மீனும் பவளமும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்கு அடியில், மர அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு தொட்டிக்கும் 'சம்ப்' என்றுதான் பெயர். பெயர் மட்டுமா, வேலையும் கிட்டத்தட்ட அதேதான். மேலே வழிகிற தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கும். அங்கே சுத்தமாகும். மோட்டார் அதைத் திரும்ப மேலே தள்ளும். ஒரு நாளில் 24 மணி நேரமும் இது நடக்க வேண்டும் என்பது மட்டும் வித்தியாசம்.

ஆயிரக்கணக்கில் விலை போட்டுக் கடையில் விற்கும் இந்தப் பெட்டியை, பழைய கண்ணாடியும் சிலிக்கான் பசையும் வைத்து வீட்டிலேயே செய்துகொள்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஏதோ நேற்றைக்கு வந்த சிக்கன யோசனை போலத் தோன்றும். ஆனால் இதன் சரித்திரம் 150 வருடத்துக்கு மேல் போகிறது. அதில் ஒரு வேலைக்காரப் பெண், திவாலான ஒரு கடைக்காரர், நம்ம மெரினா கடற்கரை எல்லாம் வருகிறது.

முதலில் அந்தப் பெண். 1846-ல் லண்டனில் ஆன்னா தைன் என்ற பாதிரியார் மனைவி, டார்க்கீ என்ற கடலோர ஊரிலிருந்து உயிருள்ள பவளங்களை ஜாடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். லண்டனில் கடல் கிடையாது. கொண்டுவந்த கடல்நீரை வைத்தே காலம் தள்ள வேண்டும். தண்ணீர் அசையாமல் கிடந்தால் அதில் காற்று கலக்காது, பவளம் செத்துப்போகும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வீட்டு வேலைக்காரப் பெண், திறந்த ஜன்னல் பக்கத்தில் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குத் தண்ணீரைத் தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருப்பாள். நம் ஊரில் டீ ஆற்றுவது போல. பவளம் வருடக்கணக்கில் உயிரோடு இருந்தது. உலகத்தில் வீட்டுக்குள் பவளம் வளர்த்த முதல் ஆட்களில் ஒருவர் என்று ஆன்னா தைனைச் சொல்கிறார்கள். மோட்டார் வேலை பார்த்த அந்தப் பெண்ணை யாரும் சொல்வதில்லை!

அதே சமயத்தில் இங்கிலாந்தில் இன்னொன்றும் நடந்தது. கண்ணாடி மீதிருந்த வரியை 1845-ல் அரசாங்கம் எடுத்துவிட்டது, கண்ணாடி மலிவானது. 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன்களுக்கென்று ஒரு கட்டடம் திறந்தார்கள். அடுத்த வருடமே பிலிப் ஹென்றி காஸ் என்பவர் 'தி அக்வேரியம்' என்ற புத்தகம் எழுதினார். அவ்வளவுதான், ஊரெல்லாம் மீன்தொட்டி மோகம். கடலோரம் போக முடியாதவர்களுக்காகக் கடல்நீரை வீட்டிலேயே கலக்கும் கணக்கையும் காஸ் அதே 1854-ல் கொடுத்தார். இன்றைய அளவில் சொன்னால் சுமார் நாலரை லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் சாப்பாட்டு உப்பு, 7 கிராம் எப்சம் உப்பு, 13 கிராம் மக்னீசியம் குளோரைடு, இரண்டரை கிராம் பொட்டாசியம் குளோரைடு. இதில் சுண்ணாம்புச் சத்து சேர்க்கவில்லை என்பதால் இன்று யாரும் பவளத்துக்கு இதைப் பயன்படுத்த மாட்டார்கள். ஆனாலும் கடலிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பொதட்டூர்பேட்டை மாதிரி ஊரில் கடல்மீன் வளர்க்கலாம் என்ற நினைப்புக்கே பிள்ளையார் சுழி அந்தக் கணக்குதான்.

இந்த மோகத்தை நம்பி வியாபாரத்தில் இறங்கியவர்களில் ஒருவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்டு. புத்தகம் பைண்டிங் செய்யும் தொழிலில் இருந்த ஏழை மனிதர். லண்டனில் மீன்தொட்டிக்கென்றே ஒரு கடை போட்டார். தொட்டி, மீன், பாசி, கடல்நீர் எல்லாவற்றுக்கும் விலை போட்டு 1858-ல் ஒரு பெரிய பட்டியலே அச்சடித்தார். மோகம் வந்த வேகத்தில் போய்விட்டது. 1862-ல் லாய்டு திவால். சந்தை ஏறும்போது மட்டும் பார்த்து சரக்கு வாங்கிக் குவிப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று வணிகவியல் வகுப்பில் பாடம் நடத்த இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

ஆனால் லாய்டு அதோடு முடங்கவில்லை. தொட்டியில் மீன் ஏன் சாகிறது என்று பல வருடம் பார்த்தவர் அவர். அப்போதைய நம்பிக்கை என்னவென்றால், செடியும் மீனும் சரியான அளவில் இருந்தால் தண்ணீரை மாற்றவே வேண்டாம், தானாகச் சமநிலை வந்துவிடும் என்பது. சின்னத் தொட்டியில் அது நிலைக்காது என்று லாய்டுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மீன் செத்து அழுகினால் போதும், மொத்தத் தண்ணீரும் போச்சு. வெயில் கொஞ்சம் கூடினால் போச்சு. அதனால் அவர் கணக்கை மாற்றிப் போட்டார். பார்வைக்கு வைக்கும் தண்ணீர் கொஞ்சம்தான், பார்வைக்கு வராத தண்ணீர் அதைப் போலப் பல மடங்கு. கட்டடத்துக்கு அடியில் இருட்டில் பெரிய நீர்த்தேக்கம். இருட்டு என்பதால் பாசி பிடிக்காது, மண்ணுக்கடியில் என்பதால் சூடு ஏறாது. அங்கிருந்து நீராவி இயந்திரம் தண்ணீரை மேலே ஏற்றும், தொட்டிகளில் ஓடி வழிந்து அது மறுபடி கீழே வந்து சேரும். 1864-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும், 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் இப்படிச் செய்து காட்டினார். கிரிஸ்டல் பேலஸுக்குக் கடல்நீர் ரயிலில் வந்தது. உப்புத் தண்ணீர் இரும்பையும் பித்தளையையும் அரித்து மீனுக்கு விஷமாக்கும் என்பதால் பம்ப்பையும் குழாயையும் கெட்டி ரப்பரில் செய்தார்கள். இன்று நாம் பிவிசி பைப் போடுகிறோம், காரணம் அதேதான்.

அலமாரிக்குள் இருக்கும் இன்றைய சம்ப் இந்த நிலத்தடித் தேக்கத்தின் பேரன்.

சரி, நம் ஊருக்கு வருவோம். 'செத்த காலேஜ்' என்று ஜனங்கள் பெயர் வைத்திருந்த எழும்பூர் மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடல் உயிரினங்கள் பற்றி 1890-லேயே எழுதியவர். அவர் போட்ட திட்டப்படி 1909 அக்டோபரில் மெரினாவில் ஒரு கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். இந்தியாவிலேயே இப்படி ஒன்று அதுதான் முதல் என்பார்கள். 1919-ல் அது மீன்வளத் துறை கைக்குப் போனது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் மூடப்பட்டது. லாய்டுக்கு இருந்த தண்ணீர்ப் பிரச்சினை மெரினாவில் இல்லை, வாசலிலேயே வங்காள விரிகுடா. கடல் பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தண்ணீரைப் பத்திரப்படுத்தும் கவலை குறைவு. உள்ளூர்க்காரனுக்குத்தான் சம்ப் தேவை.

இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர் விஷயமும் அதுதான். 1961-ல் அவர் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் எழுதிய கட்டுரை வளர்ப்பாளர்களைத் தூக்கிவாரிப் போட்டது. ஃபில்டர் கிடையாது. கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் ஒட்டிய கல், நல்ல வெயில், கொஞ்சம் காற்றுக் குமிழ், இவ்வளவுதான். பவளம் வளர்ந்தது. கல்லின் துளைகளுக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள், மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்பதுதான் அதன் ரகசியம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தவர்களுக்கு ஜகார்த்தாவின் கடலும் வெயிலும் ஏது? அவர்கள் பெட்டிக்குள் இயந்திரம் வைக்கப் போனார்கள். 1986-ல் ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் நெதர்லாந்து வளர்ப்பாளர்களின் முறையை அமெரிக்கப் பத்திரிகையில் தொடராக எழுதினார். தொட்டிக்குக் கீழே ஒரு பெட்டி, அதில் பிளாஸ்டிக் உருண்டைகள் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், உருண்டைகளில் பாக்டீரியா வளரும். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. கொஞ்ச வருடத்தில் உருண்டைகள் நைட்ரேட்டை ஏற்றிவிடுகின்றன என்று தெரிந்ததும் அவற்றைத் தூக்கிப் போட்டார்கள். பெட்டி மட்டும் தங்கிவிட்டது. அதில் ஸ்கிம்மர் வைத்தார்கள், கடல்பாசி வளர்த்தார்கள், ஹீட்டரை ஒளித்தார்கள்.

வீட்டிலேயே செய்யலாம் என்ற நிலை வந்ததற்கு இன்னொரு காரணம் பசை. பழைய தொட்டிகளுக்கு இரும்புச் சட்டமும் புட்டியும் வேண்டும், உப்புத் தண்ணீரில் அது துருப்பிடிக்கும். 1960-களில் சிலிக்கான் பசை புழக்கத்துக்கு வந்த பிறகு வெறும் கண்ணாடியை ஒட்டியே தொட்டி செய்ய முடிந்தது. இன்று கொளத்தூர்ப் பக்கம் தொட்டி ஒட்டித் தருகிறவர்கள் எல்லோரும் அதில்தான் பிழைக்கிறார்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கானை மட்டும் தொடக் கூடாது, மீனைக் கொன்றுவிடும்.

ஒரு கணக்கு பார்ப்போம். மேல் தொட்டி 36 அங்குல நீளம், 15 அகலம், 15 உயரம். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 130 லிட்டர். கீழே 30க்கு 12க்கு 14 அங்குலத்தில் ஒரு பழைய தொட்டி. அதற்குள் தடுப்புக் கண்ணாடிகள் ஒட்டி மூன்று அறை. முதல் அறையில் மேலிருந்து தண்ணீர் விழும், ஸ்கிம்மர் அங்கே. நடுவில் கல்லும் பாசியும். கடைசியில் மோட்டார். நடு அறைக்கும் மோட்டாருக்கும் இடையே மூன்று தடுப்புகளை நெருக்கமாக வைத்து, தண்ணீர் ஒன்றின் மேலே, அடுத்ததன் கீழே, மறுபடி மேலே என்று போக விட்டால் காற்றுக் குமிழ்கள் அங்கேயே மேலெழும்பி உடைந்துவிடும். வெயிலில் ஆவியாகும் தண்ணீரின் குறைவு கடைசி அறையில் மட்டும்தான் தெரியும், மேல் தொட்டியின் மட்டம் மாறாது. ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே இருக்கும். அதனால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. சம்ப் மேல் ஒரு சின்ன ஃபேன் ஓடவிட்டால் சூடு கொஞ்சம் இறங்கும். திருத்தணிப் பக்கத்துச் சித்திரை வெயிலில் இது ஆடம்பரம் கிடையாது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016-ம் வருடங்களில் கடல் சூடேறியே பவளங்கள் வெளுத்தன.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். தொட்டியையும் சம்ப்பையும் மலிவாகச் செய்யலாம், ஆனால் உள்ளே போடும் பவளத்தை நம் கடலிலிருந்து எடுக்க முடியாது. கல் பவளங்கள், கடல் விசிறிகள், கடல்குதிரை எல்லாவற்றையும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். எடுத்தாலும் விற்றாலும் ஜெயில். இந்தக் கடுமை சும்மா வரவில்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டினார்கள். 21 தீவுகள் என்று கணக்கு வைத்திருந்த இடத்தில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போய்விட்டன. காஸ் காலத்திலும் இதே கூத்துதான். அவர் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பக்கெட்டோடு கிளம்பிய கூட்டம் இங்கிலாந்துக் கடலோரப் பாறைகளைச் சுரண்டிக் காலி செய்தது என்று அவர் மகன் எட்மண்ட் காஸே 1907-ல் வருத்தப்பட்டு எழுதினார். அதனால் இங்கே சிக்கனமாக ஆரம்பிப்பவர்களுக்குப் பொருத்தமானது பண்ணையில் பொரித்த கோமாளி மீன்கள்தான். மண்டபம், பரங்கிப்பேட்டை ஆய்வு மையங்களில் அவற்றை இனப்பெருக்கம் செய்திருக்கிறார்கள். பவளக் கல்லுக்குப் பதில் சுட்ட மண்ணும் போதும், பாக்டீரியாவுக்கு வேண்டியது துளை மட்டுமே.

கடைசியாக, கரண்ட் கட். 2012 வாக்கில் தமிழ்நாடு பட்ட பாட்டைத் தறி ஓட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மோட்டார் நின்றதும் மேல் தொட்டியில் வழிய வேண்டிய தண்ணீர் கீழே இறங்கும். மேலே ஓர் அங்குலம் இறங்கினால் சுமார் 9 லிட்டர். கீழே இருக்கும் சம்ப்பில் அது ஒன்றரை அங்குலம் ஏறும். மோட்டார் குழாயின் வாய் மேல் தொட்டிக்குள் ஆழமாக முங்கியிருந்தால் சைஃபன் பிடித்து அந்த ஆழம் வரை தண்ணீர் முழுவதும் கீழே வந்து, வீட்டுத் தரையெல்லாம் கடலாகிவிடும். அதைத் தடுக்கத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சின்ன ஓட்டை போடுவார்கள், காற்று புகுந்ததும் சைஃபன் அறுந்துவிடும். மீன் விடுவதற்கு முன்னால் வெறும் தண்ணீரை ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, சம்ப்பில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பார்த்து, அங்கே மார்க்கரால் ஒரு கோடு போடுவது வழக்கம். அந்தக் கோட்டுக்கும் சம்ப்பின் விளிம்புக்கும் நடுவே இன்னும் ரெண்டு விரல் இடம் இருக்க வேண்டும்.