வைரம் பாய்ந்த மரம்

கல்முனைக் கரையோர ஊர்களின் தச்சுத் தொழில் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றவுடன் மன்னரும் போரும் கல்வெட்டும் செப்பேடுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயின், கல்லிலும் செம்பிலும் எழுதப்படாத வரலாறும் உண்டு. நாம் உறங்கும் வீட்டின் கூரையிலே, தள்ளித் திறக்கும் கதவிலே, அமர்ந்து உண்ணும் வாங்கிலே அது இருக்கின்றது. மிஷன் பாடசாலையிற் கற்ற நமக்குச் சாலொமோன் அரசன் தன் ஆலயத்துக்கு லீபனோன் மலையிலிருந்து கேதுரு மரம் வருவித்த கதை மனப்பாடம். நம் பாட்டனார் வீட்டு முகட்டுவளை எந்தக் காட்டு மரம் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்? அவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காடும் மரமும்

நம் கரையோர ஊர்களுக்கு மேற்கே வயல். வயலுக்கு அப்பால் ஒரு காலத்திற் பெருங்காடு. அக்காட்டின் செல்வம் முதிரையும் பாலையும் கருங்காலியும் சாவண்டலையும் ஆகும். முதிரை இளமஞ்சள் நிறமும் பட்டுப்போன்ற மினுக்கமும் உடையது. ஆதலால் ஆங்கிலேயர் அதற்குச் 'சற்றின்' என்னும் பட்டுத்துணியின் பெயரையே வைத்தனர். அதில் ஒரு கன அடி ஏறக்குறைய 60 இறாத்தல் நிறுக்கும். பாலையோ அதனினும் கனத்தது, நீரிலிட்டால் தாழும். புகையிரதப் பாதைக்குச் சிலிப்பர்க் கட்டையாகப் பாலை உழைத்தது. சாவண்டலை திருகோணமலையிலிருந்து சென்னைக்குக் கப்பலேறி, அலைமோதும் கரையில் ஆளும் பொருளும் ஏற்றி இறக்கும் மசூலாப் படகுகளாயிற்று. அதனாலேயே ஆங்கிலேயர் அதனைத் 'திருகோணமலை மரம்' என்றனர்.

1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் எமேர்சன் ரெனன்ற், மட்டக்களப்பு, திருகோணமலைக் காடுகளில் முதிரை அடர்ந்து நின்றதைத் தம் நூலிற் பதிவு செய்துள்ளார். அந்நாளில் நம் கல்முனைப் பகுதி மட்டக்களப்பைச் சேர்ந்திருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961 இலேதான். முதிரையின் வலிமைக்குப் பேராதனையில் ஒரு சான்று இருந்தது. 1833 இல் மகாவலி கங்கைக்குக் குறுக்கே 205 அடி நீளமான ஒரே வளைவாக அங்கே ஒரு பாலம் அமைக்கப்பட்டது. அது பெரிதும் முதிரையாலானது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் வண்டிகளையும் வெள்ளங்களையும் தாங்கி நின்ற பின்னரே, 1905 இல் அதனை அகற்றி இரும்புப் பாலம் இட்டனர்.

வீட்டுத் தளபாடங்களின் பெயர்களும் வரலாறு பேசுகின்றன. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல் ஆகிய இவை யாவும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். சொல் கடல் கடந்து வந்தது. மரம் நம் காட்டிலிருந்து வந்தது. இரண்டையும் பொருத்தியது நம் தச்சனின் கை.

காடு போன கதை

சுதந்திரத்தின் பின் 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தோன்றியது. பட்டிப்பளை ஆறு என நம்மவர் அழைத்த கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது. காடு வெட்டப்பட்டு வயலும் குடியேற்றமும் எழுந்தன; ஒரு பகுதி நீருள் மூழ்கியது; எஞ்சியதில் ஒரு பகுதியைக் காக்க 1954 இல் தேசிய வனம் வகுக்கப்பட்டது. நெல் விளைந்தது உண்மை; அதற்குக் கொடுத்த விலை காடு என்பதும் உண்மை. நாடு முழுவதையும் நோக்கின், 1956 இல் நிலப்பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 44 பங்காயிருந்த அடர்காடு, 1992 இல் 24 பங்களவிற் சுருங்கியது. 1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி கிழக்கில் நின்ற மரங்களையும் கூரைகளையும் ஒருங்கே சாய்த்தது.

1990 இல் இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பது நாடெங்கும் நிறுத்தப்பட்டது. இது நல்ல முடிவே. ஆனால் இதன் பொருளை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். நூறு, இருநூறு ஆண்டு வளர்ந்த முதிரையை இனி எவரும் காட்டிலிருந்து நேர்மையாகக் கொண்டுவர முடியாது. அத்தகைய மரம் இன்று நமக்கு எட்டும் இடம் பழைய வீடுகளின் கூரையும் கதவு நிலையுமே. அந்தோ! அவ்வீடுகளைத்தான் நாம் இடித்துக்கொண்டிருக்கின்றோம்.

ஓடாவியின் கைவேலை

தச்சனை நம் கிழக்கில் 'ஓடாவி' என்போம். பழைய மரத்தை ஓர் ஓடாவி எவ்வாறு கையாள்கிறார் என்பதை இளைஞர் நின்று பார்த்தல் நலம். முதலில் ஆணி பிடுங்கல். மறைந்து கிடக்கும் துருவேறிய ஓர் ஆணி, வாளின் பற்களைச் சிதைத்துவிடும்; ஆகையால் கண்ணாலும் விரலாலும் காந்தத்தாலும் தேடுவர். அடுத்து, சுவருக்குள் புதைந்திருந்த நுனிகளைத் தட்டிப் பார்ப்பர். உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். நல்ல மரம் கணீரென்னும். உளுத்த பாகத்தை வெட்டி நீக்கியபின் சீவுளி ஓடும். மேலே சாம்பல் நிறமாய், புகையும் ஒட்டடையும் படிந்து, விறகுக்கும் ஆகாது என்று தோன்றிய வளை, சீவுளி இரண்டு முறை ஓடியதும் மஞ்சள் ஒளி வீசுகின்றது! முதிரைத் தூள் சிலருடைய தோலிற் கடியும் தடிப்பும் உண்டாக்குமாதலால் மூக்கையும் கையையும் மூடிக்கொள்வது அறிவுடைமை.

இம்மரத்தை ஏன் இத்துணை விரும்புகின்றனர்? நம் மொழியே விடை தருகின்றது. முதிர்ந்த மரத்தின் நடுப்பாகத்தை 'வைரம்' என்போம். அடர்காட்டில் ஒளிக்காகப் போட்டியிட்டு மெல்ல மெல்ல வளர்ந்த மரத்தில் வைரம் மிகுதி, வெளிப்புற வெள்ளை குறைவு. இருபது முப்பது ஆண்டுகளில் வெட்டும் தோட்ட மரத்திலோ வெள்ளை மிகுதி. கறையான் விரும்புவது வெள்ளையையே. வைரத்திலுள்ள பிசினும் எண்ணெயும் அதற்கு ஒவ்வா. மேலும், தலைமுறை தலைமுறையாகக் கூரையில் உலர்ந்த மரம் இனிச் சுருங்கவேண்டிய அளவு சுருங்கிவிட்டது. அதிலே செய்த கதவு எளிதில் முறுகாது. கழுந்தும் துளையும் ஒன்றையொன்று விடா.

வடக்கே பெரியநீலாவணையிலிருந்து தெற்கே நிந்தவூர் வரை பெருந்தெருவிற் செல்பவர், தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருவதைக் காண்பர். பழைய மரத்துக்கு இந்த எல்லைகள் தெரியா. பாண்டிருப்பில் இடித்த வீட்டின் வளை, மருதமுனையில் ஆடாது அசையாது நிற்கவேண்டிய கைத்தறிச் சட்டமாகலாம். சாய்ந்தமருதில் கழற்றிய நிலை காரைதீவில் ஒரு வீட்டு வாயிலாகலாம். 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000 க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அன்று இக்கரையில் எந்த ஊரையும் கடல் பிரித்துப் பார்க்கவில்லை. சுவர்கள் கரைந்த இடத்தில், இடிபாடுகளிலிருந்து மீட்ட மரங்களே பலருக்கு முதற் குடிசையின் தூணாயின.

பழைய மரம் ஆகாதா?

'புதுவீட்டுக்குப் பழைய மரம் ஆகாது' என்று நம் பெரியோர்களிற் சிலர் கூறுவர். அவர்கள் கருத்தை நாம் இகழவில்லை. மரம் கொள்வதில் நம் முன்னோர் மிகுந்த அச்சமும் அன்பும் உடையோராயிருந்தனர். வராகமிகிரரின் பிருகத்சங்கிதை, மரத்தை வெட்டுமுன் அதில் உறையும் உயிர்களுக்குப் பலியிட்டு, வேறிடம் செல்லுமாறு வேண்டச் சொல்கின்றது. சுடுகாட்டில் நின்ற மரம், இடி விழுந்த மரம் ஆகியவற்றை விலக்கச் சொல்கின்றது. ஆனால் ஒருமுறை விடைபெற்று வந்து, மூன்று தலைமுறையை வெயிலிலும் மழையிலும் காத்த மரத்திடம் என்ன தீங்கு இருக்கமுடியும்?

கோயில்களே இதற்குச் சான்று பகர்கின்றன. கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பக்கைக் கோயில், நாம் முருகன் என வணங்கும் கதிர்காமக் கடவுளுக்குரியது. அதன் புகழ்பெற்ற சிற்பத் தூண் மண்டபத்து மரவேலையில் ஒரு பகுதி, கம்பளையில் கைவிடப்பட்ட அரசமண்டபத்திலிருந்து வந்தது என்பர். எருசலேமின் அல்-அக்சாப் பள்ளிவாசலை 1938 முதல் 1942 வரை புதுக்கியபோது இறக்கிய உத்தரங்களில் லீபனோன் கேதுரு மரங்களும் இருந்தன. அவ்வுத்தரங்களிற் சில பள்ளிவாசலினும் பழமையானவை, முன்னைய கட்டடங்களிலிருந்து எடுத்து மீண்டும் பயன்படுத்தியவை என ஆய்வாளர் கண்டனர். யப்பானின் ஈசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கொருமுறை புதிதாகக் கட்டுவது மரபு. இறுதியாக 2013 இற் கட்டினர். கழற்றிய பெருந்தூண்கள் உஜி பாலத்து வாயில் வளைவுகளாகின்றன. எஞ்சிய மரங்கள் நாட்டின் வேறு ஆலயங்களுக்குச் செல்கின்றன. இறைவனுக்கு ஆகும் மரம் நமக்கு ஆகாதோ?

நம் கடமை

இளைஞர்களே! உங்கள் தெருவில் ஒரு பழைய வீடு இடிபடும்போது மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, அதன் வளை, கைமரம், நிலை, கதவு ஆகியவற்றின் மரப்பெயரையும் நீள அகலத்தையும் வீட்டின் வயதையும் ஒரு கொப்பியிற் குறியுங்கள். மரத்தின் பெயர் சொல்ல அவ்வூர்ப் பெரியவரையும் ஓடாவியையும் அழையுங்கள். இரண்டாவது, அம்மரம் சூளைக்கு விறகாகப் போகாமல் ஓர் ஓடாவியின் கைக்குப் போக வழி தேடுங்கள். மூன்றாவது, ஊர்விட்டு ஊர் மரம் கொண்டு செல்வதற்குச் சட்டம் உண்டாதலால் வன இலாகாவில் விசாரித்து அனுமதியுடன் செய்யுங்கள். பழைய மரம் என்ற பெயரிற் காட்டு மரத்தைக் கடத்துவோருக்கு நாம் துணைபோதல் ஆகாது.

பெரியோர்களே! எந்த மரம் எக்காட்டிலிருந்து எந்த மாட்டு வண்டியில் வந்தது, எந்த ஓடாவி இழைத்தார் என்னும் செய்திகள் உங்கள் நினைவில் மட்டுமே உள்ளன. அவற்றை எழுதிக்கொள்ள நம் மன்றத்து இளைஞர் வருவர். திண்ணையில் இருத்திச் சொல்லுங்கள்.

இன்று நட்ட முதிரை வைரம் பாய நம் பேரப்பிள்ளைகளின் காலமும் போதாது. ஆகவே நடுவோம், அதுவரை, இருப்பதைக் காப்போம்.