சத்திரம், ரெஸ்ட் ஹவுஸ், லயன்

பரீட்சை முடிஞ்சு சித்திரை பிறக்கற நேரத்துல அஞ்சு நாள் வெளிநாடு போய் வரலாம்னு எங்க விளாத்திகுளம் பக்கம் பேச்செடுத்தா, சிங்கப்பூர், மலேசியான்னுதான் சொல்வாங்க. எதிர்க்கரையில இருக்கற இலங்கை ஞாபகத்துக்கே வராது. ஆனா நம்ம தாத்தா காலத்துல வெளிநாடுன்னாலே கொழும்புதான்!

தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876ல். அங்கே கப்பல் ஏறினா மறுநாள் கொழும்பு. வ.உ.சி. 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினதும் இந்த வழிக்காகத்தான். 1914ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி - தலைமன்னார் வழி வந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழிச்சிடுச்சு. 2011ல் தூத்துக்குடியிலிருந்து மறுபடி பயணிகள் கப்பல் விட்டாங்க, சில மாசத்துலயே நின்னு போச்சு. 2023ல் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் தொடங்கினாங்க. நமக்குப் பக்கம்னா மதுரை விமானம்தான்.

சரி, போனா எங்கே தங்குறது? ஸ்டார் ஹோட்டல் வேண்டாம், பழைய காலத்து விடுதியா வேணும்னு சொல்றவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

நம்ம பக்கத்துப் பழைய விடுதின்னா சத்திரம். ராணி மங்கம்மாள் (1689-1706) போட்ட சாலைகளும் கட்டின சத்திரங்களும் தென்மாவட்டம் முழுக்கப் பேர் சொல்லும். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரேயே மங்கம்மாள் சத்திரம் இருக்கு. சிங்களவங்களுக்கு இதே மாதிரி 'அம்பலம' உண்டு. கதவே கிடையாது. நாலு பக்கமும் திறந்த மண்டபம், மேலே கூரை, உட்கார திண்ணை, அவ்வளவுதான். காசும் கிடையாது. கண்டி சாலையில கடுகண்ணாவையில ஒண்ணு இன்னும் நிக்குது, இறங்கிப் பாருங்க.

அடுத்தது ரெஸ்ட் ஹவுஸ். கவர்னர் பார்ன்ஸ் 1820களில் கொழும்பு - கண்டி சாலை போட்டார். அந்த மாதிரி சாலைகள்ல வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கிப் போறதுக்கு அங்கங்கே ரெஸ்ட் ஹவுஸ் வந்துச்சு. அம்பேபுஸ்ஸ, பெலிஹுல்ஓயா, எல்ல... பேரைக் கேட்டாலே போகத் தோணும். மலை மேல தோட்டத்துரைமார் இருந்த பங்களாக்கள் சிலதும் இப்போ விடுதி. ஒரு விஷயம்: ஏப்ரல்ல நுவரெலியாவுக்கு 'சீசன்'. வாடகை எகிறும். சித்திரைப் புத்தாண்டு அங்கே தமிழருக்கும் சிங்களவருக்கும் பொது, பாதிக் கடை மூடியிருக்கும். முன்கூட்டியே புக் பண்ணிடுங்க :)

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் விருந்தாளிகளோட கதை. இதே கடலைத் தாண்டிப் போன லட்சக்கணக்கான நம்ம ஜனங்க எங்கே தங்கினாங்க?

காப்பித் தோட்ட காலத்துல ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவங்க மன்னார்ல இறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேல நடந்தாங்க. காலராவும் அம்மையும் வழியிலேயே எத்தனையோ பேரைக் கொண்டு போச்சு. பின்னாடி ரயிலும் கப்பலும் வந்தப்போ, அவங்களுக்குன்னு முகாம் வந்துச்சு. நம்ம தட்டப்பாறையில ஒண்ணு, மண்டபத்துல ஒண்ணு. ரெண்டையும் நடத்தினது இலங்கை சர்க்கார். டாக்டர் சோதனை, அம்மை குத்தல், துணிமணிக்கு மருந்து, சில நாள் அடைப்பு. அப்புறம்தான் கடல். மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் கிடைச்சது லயன். ஒரே கூரைக்கு கீழே வரிசையா அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. துரை பங்களாவுக்கு முன்னாடி தேயிலையைப் பச்சைக் கம்பளமா விரிச்ச கைகள் அந்த அறைகள்ல இருந்து வந்ததுதான்.

1964ல் சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கும்னு கணக்கு எழுதினாங்க. அப்படித் திரும்பினவங்களும் மண்டபம் முகாமுக்குத்தான் வந்தாங்க. 1983க்கு அப்புறம் அகதிகளுக்கும் அதே முகாம்தான். போகும்போது கூலி, வரும்போது அகதி... இடம் மட்டும் மாறவே இல்லை.

பங்களாவுல தங்காதீங்கன்னு நான் சொல்ல வரலை. தாராளமா தங்குங்க, வராந்தாவுல உட்கார்ந்து டீ குடிங்க. ஆனா ஒரு காலையில கீழே இறங்கி லயன் பக்கம் நடங்க. லயன்ல இப்பவும் ஜனங்க குடியிருக்காங்க, அது காட்சிசாலை இல்லை. அதனால கேமராவை உள்ளே வெச்சிட்டு, "எந்த ஊரு உங்க பூர்வீகம்?"னு கேளுங்க. பதிலா வர்ற ஊர், நம்ம ஊருக்கு அடுத்த ஊராக்கூட இருக்கலாம்.