லொங்ஜிங்: ஒரு அரசாணையின் ருசி

சீனாவின் ஹாங்சோ ஊர் கிரீன் டீயான லொங்ஜிங்கைப் போட ஒரு கண்ணாடி டம்ளர் போதும். தட்டையான இலை ஒரு சிட்டிகை, சுமார் 80 டிகிரியில் வெந்நீர், அவ்வளவுதான். கொதிக்கக் கொதிக்க ஊத்தினா கசந்துடும்.

சோங் காலத்து அரண்மனைக்கு இது ஆகாது. அங்கே இலையை ஆவியில் வேகவைத்து, அரைத்து, வில்லையாக அச்சிட்டு அனுப்ப வேண்டும். குடிக்கும்போது பொடியாக்கி நுரை வரக் கடைவார்கள். அந்த வில்லைக்காக ஜனங்க முதுகு ஒடிஞ்சாங்க. 1391இல் மிங் பேரரசர் ஹோங்வு, ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளை, வில்லையை நிறுத்தி இலையாகவே கேட்டார். கருணையா, சிக்கனமா? ரெண்டும்தான் என்பேன். கடையும் வழக்கம் சீனாவில் மங்கி, ஜப்பானில் தங்கிவிட்டது. இங்கே சூடான இரும்புச் சட்டியில் இலையைக் கையால் அழுத்தி வறுக்கும் முறை வளர்ந்தது. லொங்ஜிங்கின் வறுத்த செஸ்நட் வாசம் அந்தச் சட்டியில் வருவது. சிங்மிங் திருநாளுக்கு முன் பறித்த கொழுந்தின் இன்றைய விலையை ஹோங்வுவிடம் யாராவது சொன்னால் என்ன ஆகியிருக்குமோ!