பாதி ராணிக்கு ஆறு பென்ஸ்

1857 மார்ச். நியூசிலாந்தின் தென் தீவில் டனீடன் தபால் ஆபீசில் ஒரு சிக்கல். இங்கிலாந்துக்குப் போகும் அரை அவுன்ஸ் கடிதத்தின் கட்டணத்தை ஆறு பென்ஸாகக் குறைத்துவிட்டார்கள். ஜனங்களுக்கு லாபம்தான். ஆனால் ஆறு பென்ஸ் தபால்தலை அந்த நாட்டில் கிடையாது. இருந்தவை மூன்றே வகை: ஒரு பென்னி சிவப்பு, இரண்டு பென்ஸ் நீலம், ஒரு ஷில்லிங் பச்சை. நீலத்தில் மூன்றை வரிசையாக ஒட்டியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஒட்டியிருக்கலாம்தான். டனீடன்காரர்கள் கத்திரிக்கோலை எடுத்தார்கள். ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். பச்சைத் தலையை இரண்டாக நறுக்கினால் பாதி ஆறு பென்ஸ். விக்டோரியா மகாராணியின் முகத்தைக் கூறு போடுகிறோமே என்று யாரும் கலங்கியதாகத் தெரியவில்லை. தபால் ஆபீசும் அந்தப் பாதியின் மேல் முத்திரை குத்திக் கப்பலேற்றியது. 1859இல் ஆறு பென்ஸ் தலை பழுப்பு நிறத்தில் வந்ததும் இந்த வேலைக்கு அவசியமில்லாமல் போயிற்று.

அந்த அரைத் தலை ஒட்டிய உறைகள் இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தேடும் பொருள். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இந்த அபூர்வத்துக்கு ‘மின்ட்’, அதாவது பயன்படுத்தாத, வடிவம் என்று ஒன்று கிடையாது. பயன்படுத்தாத பச்சைத் தலையை இன்று யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். அதற்குப் பெயர் வெட்டுப்பட்ட தலை, அவ்வளவே. உறையிலிருந்து பிரித்தெடுத்த பாதிக்கும் அதே கதி. தலை உறையோடு ஒட்டியிருக்க வேண்டும், முத்திரையின் மை வெட்டு விளிம்பைத் தாண்டி உறையின் காகிதத்திலும் பதிந்திருக்க வேண்டும், தேதி பொருந்த வேண்டும், ஊர் டனீடனாக இருக்க வேண்டும். மையின் அந்தச் சில மில்லிமீட்டர் தொடர்ச்சிதான் விலை.

அழுக்குப் படாத, பசை குலையாத தலைக்குத்தான் மதிப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இருபதாம் நூற்றாண்டுத் தலைகளுக்கு அது பெரும்பாலும் சரி. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தால் என் கட்சி வேறு: வேலை செய்த தலைக்குத்தான் வாய் உண்டு. நியூசிலாந்து அதற்கு நல்ல சாட்சி. ஏனென்றால் அங்கே தபால்தலை என்பதே பற்றாக்குறையின் வரலாறு.

முதலில் அந்த ராணியின் முகத்தைப் பார்ப்போம். 1837இல் பட்டத்துக்கு வந்த விக்டோரியாவுக்கு அப்போது பதினெட்டு வயது. அரசியாக அவர் முதன்முதலில் நாடாளுமன்றத்துக்குப் போன நிகழ்ச்சியை ஒட்டி ஆல்ஃபிரட் எட்வர்ட் ஷாலோன் என்ற ஓவியர் அரச உடையில் அவரைத் தீட்டினார். மகள் தாய்க்குக் கொடுத்த பரிசு அந்தப் படம். நியூசிலாந்தின் முதல் தலைகள் 1855 ஜூலையில் வெளிவந்தபோது அந்த முகத்தைத்தான் வில்லியம் ஹம்ஃப்ரிஸ் செதுக்கியிருந்தார். அச்சிட்டது பெர்கின்ஸ் பேகன். 1840இல் உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக்கை அச்சிட்ட அதே லண்டன் கம்பெனி. 1855இல் ராணிக்கு முப்பத்தாறு வயது, எட்டுப் பிள்ளைகள். தலையில் மட்டும் பதினெட்டு வயதுப் பெண். 1874இல் வேறு வடிவம் வரும் வரை நியூசிலாந்து அந்தப் பெண்ணை விடவில்லை. அதற்குள் அவர் கணவரை இழந்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டார். சேகரிப்பாளர்கள் இந்த வரிசையை ‘ஷாலோன் ஹெட்’ என்றும் ‘ஃபுல் ஃபேஸ் குயின்’ என்றும் சொல்வார்கள்.

லண்டனில் அச்சிட்டு அனுப்பிய தாள்கள் கொஞ்சம்தான். சீக்கிரமே தீர்ந்தன. அச்சுத் தகடுகளும் ஆக்லாந்து வந்து சேர்ந்திருந்தன. அப்போது நாட்டின் தலைநகர் ஆக்லாந்து. 1865இல்தான் வெலிங்டனுக்கு மாறியது. ஒரு பென்னித் தகட்டில் வரிசைக்குப் பன்னிரண்டாக இருபது வரிசை, மொத்தம் 240 தலைகள். பழைய பவுனுக்கு 240 பென்ஸ் என்பதால் ஒரு தாள் விற்றால் கணக்காக ஒரு பவுன். ஆக்லாந்து அச்சகக்காரர் ரிச்சர்ட்சன் 1855 முதலே அந்தத் தகடுகளைக் கொண்டு அச்சிடத் தொடங்கினார். லண்டனின் வாட்டர்மார்க் தாளுக்கு எங்கே போவது? கைக்குக் கிடைத்த நீலச் சாயல் காகிதத்தில் அச்சிட்டார். பிறகு வெள்ளைக் காகிதம். 1862இல் ஜான் டேவிஸ் பொறுப்பேற்ற பிறகு நட்சத்திர வாட்டர்மார்க் தாள் வந்தது. அதுவும் தட்டுப்பாடானபோது, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் மெல்லிய, முறுகலான காகிதத்தில் கொஞ்ச நாள் ஓட்டினார்கள். ‘பெல்யூர்’ என்று அதற்குப் பெயர். தொட்டால் உடையும் என்பதால் நல்ல நிலையில் கிடைப்பது அரிது. 1864இல் ‘என் இசட்’ என்ற எழுத்துகள் வாட்டர்மார்க்காக உள்ள தாள் வந்தது.

தகடுகளும் களைத்துப்போயின. இரண்டு பென்ஸ் நீலத் தலையில் அது கண்கூடாகத் தெரியும்: முதலில் கழுத்து மாலையின் கோடுகூடத் துல்லியம்; பல்லாயிரம் பிரதிகளுக்குப் பிறகு வந்த தலைகளில் ராணியின் பின்னணி வெளிறி, முகம் மட்டும் மிதக்கும். அதை ‘வோர்ன் பிளேட்’ என்று தனியாக வகைப்படுத்தி, தனி விலை வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு குறை, துளை. முதல் ஏழு வருடம் தலைகளுக்கு ஓரத் துளை கிடையாது. தாளிலிருந்து வெட்டித்தான் எடுக்க வேண்டும். அவசரக்காரர் வெட்டினால் ராணியின் சட்டகத்தையே தின்றுவிடுவார். நான்கு பக்கமும் ஓரம் தெளிவாக உள்ள தலைக்கு இன்று ஏன் அவ்வளவு கிராக்கி என்றால், அந்தக் காலத்தில் கத்திரிக்கோலை நிதானமாகப் பிடித்தவர்கள் குறைவு. சில ஊர்களில் தாங்களே பற்சக்கரத்தால் கோடு கீறிக் கிழிக்க வசதி செய்துகொண்டார்கள். அப்படிக் கீறிய தலைகள் இன்று தனி ரகம். இதிலும் ஏமாற்று உண்டு: துளையில்லாத தலையில் பின்னால் கீறிவைப்பது எளிது. காப்பது எது? மறுபடி முத்திரைதான். அந்தக் கீறல் எந்த ஊரில் எந்த ஆண்டுகளில் வழங்கியதோ, அந்த ஊரின் மை அதன்மேல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பயன்படுத்தாத தலையின் மேல் எனக்குச் சந்தேகம் வரக் காரணம் இன்னொன்று. இந்தத் தகடுகள் அழிக்கப்படவில்லை. 1884இல் ஒரு முறை, 1906இல் ஒரு முறை அவற்றிலிருந்து மறு அச்சு எடுத்தார்கள். நேர்மையான காரியம்தான், மறைக்கவும் இல்லை. ஆனால் கைமாறிக் கைமாறி வரும்போது ‘மறு அச்சு’ என்ற சொல் எங்கோ உதிர்ந்துவிடும், பளபளப்பான ராணி மட்டும் மிஞ்சுவாள். 1850களின் கடிதத்தோடு ஊர் சுற்றி அழுக்கான தலைக்கு அந்தச் சங்கடமில்லை.

முத்திரை என்றால் எல்லாம் சரி என்றும் எண்ண வேண்டாம். 1882 ஏப்ரல் முதல் நியூசிலாந்தில் வரித்தலையைத் தபாலுக்கும் தபால்தலையை வரிக்கும் பயன்படுத்தலாம் என்றாக்கினார்கள். நீளமான விக்டோரியா வரித்தலைகளில் பவுன் கணக்கில் மதிப்புள்ளவையும் உண்டு. அவ்வளவு பெரிய தொகைக்கு யார் கடிதம் போடுவார்? பெரும்பாலானவை பத்திரங்களில் ஒட்டப்பட்டு, பேனாக் கோட்டால் அடிக்கப்பட்டவை. அந்தக் கோட்டை மருந்து வைத்துக் கழுவி, போலித் தபால் முத்திரை குத்தி விற்கும் தொழில் ஒன்று நடந்தது. ஆகவே விலையுயர்ந்த தலையில் முத்திரை அழகாக, நடுநாயகமாக, சுத்தமாக இருந்தால் கொஞ்சம் பயப்பட வேண்டும்.

முத்திரையில் உள்ள ஊர்ப் பெயரையும் சோதிக்க வேண்டும். ஆக்லாந்துக்கு வடக்கே ஆல்பனி. இன்று மாஸி பல்கலைக்கழக வளாகமும் பெரிய கடைவீதியும் உள்ள புறநகர். நம்மவர்கள் ஆக்லாந்தில் வீடு பார்க்கும்போது கேள்விப்படும் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஓர் ஓடையின் கரையில் கௌரி மரமும் மரப்பிசினும் படகில் ஏற்றிய சிற்றூர். ஊரின் பெயரே ஓடையின் பெயர்தான்: லூகாஸ் க்ரீக். பிறகு பழத்தோட்டங்கள் வந்தன. ‘ஆல்பனி சர்ப்ரைஸ்’ என்ற திராட்சை நியூசிலாந்து முழுக்கப் பேர் பெற்றது. 1890இல் ஊர் ஆல்பனி ஆனது, மேற்கு ஆஸ்திரேலியாவில் பழம் விளையும் ஆல்பனியை நினைத்து வைத்த பெயர் என்பார்கள். தபால்தலை சேர்ப்பவருக்கு இது வெறும் ஊர்க்கதை இல்லை. ஷாலோன் ராணியின் மேல் ‘ஆல்பனி’ என்ற முத்திரையோடு, இது ஆக்லாந்துப் பக்கத்துச் சரக்கு என்று ஒருவர் விற்க வந்தால், ராணி 1874லேயே போய்விட்டாள், ஊருக்குப் பெயர் வந்தது 1890 என்று கணக்குச் சொல்லலாம்.

அந்த இன்னோர் ஆல்பனிக்கும் நமக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. கிங் ஜார்ஜ் சவுண்ட் என்ற இயற்கைத் துறைமுகத்தில் இருக்கிறது அது. 1860களில் பி அண்ட் ஓ கம்பெனியின் தபால் கப்பல் சிட்னி, மெல்போர்னிலிருந்து புறப்பட்டு அங்கே நிலக்கரி ஏற்றும். அங்கிருந்து இந்துமாக் கடலைக் குறுக்கே கடந்து நேராக இலங்கையின் காலித் துறைமுகம். காலியில்தான் மூட்டைகள் பிரியும்: ஐரோப்பாவுக்கு சூயஸ் வழி, இந்தியாவுக்கு சென்னை, கல்கத்தா போகும் கப்பல். ஆக்லாந்தில் ஒட்டிய ராணி சென்னைக்கு வந்தால் இந்த வழியில் வந்திருப்பாள். சென்னையில் அப்போது சரியான துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழ்கடலில் நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையேறி இறங்கிக் கரை சேர வேண்டும், தபாலானாலும் துரையானாலும். உறையின் பின்பக்கத்தில் இடைநிலை ஊர்களின் முத்திரைகள் இருந்தால் இந்தப் பயணத்தை நாள் வாரியாகப் படிக்கலாம். தலையை மட்டும் பிரித்தெடுத்து ஆல்பத்தில் ஒட்டியவர் அவ்வளவையும் குப்பைக்கூடையில் போட்டவர்.

அந்த ஆல்பனி இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்துதான் உலகப் புகழ் பெற்ற ஒரு பிழை கிளம்பியது. 1855இல் அச்சான நான்கு பென்ஸ் நீலத் தலையில் அன்னம் தலைகீழாக நிற்கிறது. உண்மையில் அன்னம் நேராகத்தான் இருந்தது. சுற்றியிருந்த சட்டகம்தான் கவிழ்ந்தது. பதினைந்து அளவில்தான் மிஞ்சியிருக்கின்றன, எல்லாம் முத்திரை விழுந்தவை. அதே காலத்தில் கல்கத்தாவில், நில அளவைத் துறையின் கேப்டன் துய்லியர் மேற்பார்வையில் அச்சிட்ட 1854ஆம் ஆண்டு நான்கு அணா தலையிலும் இது நடந்தது. சிவப்புச் சட்டகம் ஒரு முறை, நீல ராணி ஒரு முறை என்று இரண்டு அச்சு. தாளைத் திருப்பி வைத்துவிட்டார்கள், ராணி தலைகீழ். அதிலும் மிஞ்சியவை முப்பது அளவுதான், அதிலும் பயன்படுத்தாத பிரதி ஒன்றுகூட அகப்படவில்லை. வாங்கியவர் கண்ணில் பிழை படவில்லை, ஒட்டினார், போட்டார். பட்டிருந்தால் பத்திரமாக எடுத்துவைத்திருப்பார், நமக்கும் ஒரு மின்ட் கிடைத்திருக்கும்.

முத்திரையால் மதிப்புப் பெறும் தலைகள் நம் வீடுகளிலும் சில இருக்கலாம். 1855க்குப் பிறகு இந்தியத் தபால் முத்திரையில் எண்ணோடு ஓர் எழுத்தும் வரத் தொடங்கியது: வங்காளத் தபால் வட்டத்துக்கு ‘பி’, சென்னை வட்டத்துக்கு ‘சி’. மலாக்கா ஜலசந்திப் பகுதி 1867 வரை கல்கத்தாவின் ஆளுகையில் இருந்ததால் அங்கும் இந்தியத் தலைதான், எழுத்தும் ‘பி’. சிங்கப்பூர் ‘பி 172’, பினாங்கு ‘பி 147’, மலாக்கா ‘பி 109’. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறியவர்களும் செட்டிநாட்டுப் பெட்டியடிகளும் ஊருக்கு எழுதிய காலம் அது. பார்த்தால் சாதாரண அரை அணா நீலம்; எண் 147 என்றால் விலை வேறு. பழைய டிரங்குப் பெட்டியில் கடிதக் கட்டு கண்டால் தலையை மட்டும் கிழித்துப் பேரனிடம் கொடுத்துவிடாதீர்கள். வெந்நீரில் ஊறப்போடுவது அதைவிட மோசம்.

ஊறப்போட்டே ஆகவேண்டிய தலை ஒன்றும் நியூசிலாந்தில் உண்டு. 1893இல் அரசாங்கத்துக்கு வருமான ஆசை வந்து, தபால்தலையின் பின்பக்கத்தை விளம்பரத்துக்கு விட்டது. சன்லைட் சோப், பீச்சம் மாத்திரை, பானிங்டன் இருமல் மருந்து என்று ராணியின் முதுகில் கடைச் சரக்கு. நாக்கால் தடவி ஒட்டுகிற இடத்தில் அச்சு மையா என்று ஜனங்கள் முகம் சுளித்தார்கள், திட்டம் நிலைக்கவில்லை. ‘ஆட்சன்’ என்று அழைக்கப்படும் அந்தத் தலைகளில் எது யாருக்கு விளம்பரம் என்பது பின்பக்கம் பார்த்தால்தான் தெரியும். உறையோடு இருக்கும்வரை முத்திரையும் ஊரும் தேதியும் நம்மிடம், சோப்பா மாத்திரையா என்பது உறைக்குள். பிரித்தால் விளம்பரம் தெரியும், உறை போய்விடும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இதற்குள் மாத்திரைதான் என்று பந்தயம் கட்டுகிறவர்களும் உண்டு.